மேடவாக்கத்தில் வானமே இல்லை என்ற மாப்பிள்ளைக்கு

ஆலங்காயம்



மாமா எழுதுவது. தை அமாவாசைக்கு மறுநாள் ராத்திரி ஒன்றரை மணிக்கு நீ அனுப்பிய செய்தியைக் காலையில்தான் பார்த்தேன். “மொட்டை மாடியில நாலு மணி நேரம் நின்னேன் மாமா, ஒண்ணுமே தெரியல, இந்த ஊர்ல வானமே இல்ல” என்று ஆரம்பித்திருக்கிறாய். தவணையில் எட்டு அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி வாங்கப் போகிறாயாம். மாதம் ஒரு சனிக்கிழமை வேலை முடிந்ததும் சிநேகிதர்களோடு பைக்கில் ஜவ்வாது மலைக்குக் கிளம்பி, பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டு விடிவதற்குள் திரும்பிவிடுவாயாம். முடிவு உன்னுடையது, சம்பாதிக்கிற பிள்ளைக்கு நான் தடை போட முடியாது. உன் அம்மாவும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. அவள் எதுவும் சொல்லாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். போனில் பேசினால் ‘சரி மாமா, சரி மாமா’ என்று சொல்லியே என்னை முடித்துவிடுவாய்.

முதலில் அந்த ‘ஒண்ணுமே’. அதே செய்தியில் கீழே நீயே ஒரு பட்டியல் போட்டிருக்கிறாய். இரவல் வாங்கிய 70 மி.மீ. தொலைநோக்கியில் வியாழனும் பக்கத்தில் மூன்று புள்ளிகளும் தெரிந்தன. ஓரியனின் வாளில் பஞ்சு போல ஏதோ ஒன்று, அதன் நடுவே நெருங்கிய நாலு சின்ன நட்சத்திரங்கள். வெறும் கண்ணுக்குக் கார்த்திகையில் நாலு. ஆண்ட்ரோமெடா இல்லை, பால்வீதி இல்லை. கடைசி இரண்டை மட்டும் கணக்கில் வைத்து மற்றதையெல்லாம் தள்ளுபடி செய்துவிட்டாய். கார்த்திகையை எடுத்துக்கொள். நம் பக்கத்தில் அதற்கு ஆறு மீன் என்றுதான் பேச்சு. அவற்றில் மிகப் பிரகாசமானதன் பொலிவெண் 2.9, அடுத்தடுத்து 3.6, 3.7, 3.9, ஐந்தாவது 4.2, ஆறாவது 4.3. எண் ஏற ஏற ஒளி குறையும் என்பது உனக்குத் தெரியும். நாலு தெரிந்து ஐந்தாவது தெரியவில்லை என்றால், அன்று உன் மாடியில் கண்ணுக்கு எட்டிய எல்லை ஏறத்தாழ 4. ஒரு கருவியும் இல்லாமல் மேடவாக்கத்து வானத்தை அளந்து முடித்துவிட்டு, ஒன்றும் நடக்கவில்லை என்று படுக்கப் போயிருக்கிறாய். நல்ல இருட்டில் இந்த எல்லை 6.5 வரை போகும். அதுவரை எண்ணினால் வானம் முழுவதற்கும் ஒன்பதாயிரம் நட்சத்திரம் தேறும். 4 வரை எண்ணினால் ஐந்நூறு. இழப்பு பெரிது, மறுக்கவில்லை. ஆனால் ரோகிணி, திருவாதிரை, மகம், சித்திரை, சுவாதி, கேட்டை என்று நாம் பெயர் வைத்துப் பழகியவை பெரும்பாலும் அந்த ஐந்நூறுக்குள் அடக்கம். வியாழனுக்கு வருவோம். அதற்குப் பெரிய நிலா நாலு. மூன்றுதான் தெரிந்தது என்றால் நாலாவது நிலா கிரகத்துக்கு முன்னால் நின்று அதன் பளபளப்பில் கரைந்திருக்கும், அல்லது பின்னால், அல்லது நிழலுக்குள். அந்த நிலாக்களில் ஒன்று நிழலில் மறைகிற நேரத்தைக் குறித்துக்கொண்டே போய்த்தான், 1676-ல் பாரிஸில் ஓலே ரோமர் ஒளிக்கும் ஒரு வேகம் உண்டு என்று சொன்னார். நீ மூன்று என்று எண்ணிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டாய்.

சிலது ஏன் தெரிகிறது, சிலது ஏன் தெரிவதில்லை என்பதற்கு ஊரைத் திட்டினால் விடை கிடைக்காது. எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் நட்சத்திரம் புள்ளிதான். அதன் ஒளி முழுவதும் அந்தப் புள்ளியிலேயே நிற்கும். விளக்கு வெளிச்சம் பூசிய வானமோ பெரிதாக்க ஆக்கப் பரவி மங்கும். ஆகவே தொலைநோக்கிக்குள் நட்சத்திரம் வானத்தை ஜெயித்துவிடுகிறது. கணக்கும் சுலபம். இருட்டில் நன்றாக விரிந்த இளவயதுக் கண்பாவை 7 மி.மீ. என்றால், 70 மி.மீ. வில்லை அதைப் போல நூறு மடங்கு ஒளி வாங்கும். நூறு மடங்கு என்பது சரியாக ஐந்து பொலிவெண். இந்த அளவுகோலை 1856-ல் வகுத்துக் கொடுத்தவர் நார்மன் போக்சன். அவர் 1861-ல் சென்னைக்கு வந்து, நுங்கம்பாக்கத்து வானாய்வகத்தை முப்பது வருஷம் நடத்தி, 1891-ல் அந்த ஊரிலேயே கண்ணை மூடியவர். வானமே இல்லை என்று நீ சொல்கிற அதே ஊர். அவர் கணக்குப்படி, வெறும் கண்ணுக்கு 4 வரை தெரிகிற உன் மாடியில் இரவல் தொலைநோக்கி ஏறக்குறைய 9 வரை காட்ட வேண்டும். ஆண்ட்ரோமெடா வேறு வகை. மொத்தமாகக் கூட்டினால் அதன் பொலிவெண் 3.4, கார்த்திகையில் உனக்குத் தெரிந்த இரண்டாவது மீனைவிட ஒளி அதிகம். ஆனால் அந்த ஒளி ஆறு முழுநிலாவை வரிசையாக வைத்த நீளத்துக்குப் பரவிக் கிடக்கிறது. ஒரு கரண்டி நெய்யை ஒரு இட்லியில் விட்டால் மணக்கும். அதையே பந்தி முழுக்கத் தெளித்தால் எந்த இலையிலும் நெய் இருக்காது. அதோடு, பரந்த பொருளைப் பெரிதாக்கும்போது அதுவும் மங்கும், அதன் பின்னால் உள்ள வானமும் அதே அளவு மங்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அப்படியே இருக்கும்.

இப்போது உன் எட்டு அங்குலத்தைப் பார். 70 மி.மீ. வில்லையைவிட அது எட்டு மடங்குக்குச் சற்று மேல் ஒளி வாங்கும். நட்சத்திரத்தின் ஒளி எட்டு மடங்கு, தெருவிளக்கின் ஒளியும் எட்டு மடங்கு. தவணை கட்டித் தெருவிளக்கையும் சேர்த்து வாங்குகிறாய். நியாயமாகப் பேசினால் ஆதாயம் உண்டு. கிரகங்களில் நுணுக்கம் கூடும், நெருங்கிய இரட்டை நட்சத்திரங்கள் பிரியும், கோளக் கொத்துகள் தனித்தனி மீன்களாக உதிர்ந்து தெரியும். நீ ஏங்குகிற ஆண்ட்ரோமெடா மட்டும் அதனால் மாடிக்கு வராது. பால்வீதிக்கோ தொலைநோக்கியே வேண்டாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் கருவிக்குத் தன் பெயரைக் கொடுத்த ஜான் டாப்சன் கலிபோர்னியாவில் வேதாந்த சங்கத்துத் துறவியாக இருந்தவர். 1967-ல் மடத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. மறு வருஷம் சான் பிரான்சிஸ்கோவில் நடைபாதை வானியலாளர்கள் என்று ஒரு குழு தொடங்கினார்கள். கையால் தேய்த்த கண்ணாடியை அட்டைக் குழாயில் பொருத்தி, பெருநகரத் தெருமுனையில் நிறுத்தி, போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டு நிலாவையும் சனியையும் காட்டினார். பிறகு அதே குழாய்கள் தேசியப் பூங்காக்களின் இருட்டுக்கும் போயின, அதை நான் மறைக்கவில்லை. பைக்கில் போகவில்லை. எட்டு அங்குலக் குழாய் ஏறத்தாழ நாலடி நீளம், பீடத்தோடு இருபது கிலோவுக்கு மேல். அதை யார் மடியில் வைத்துக்கொண்டு இருநூறு கிலோமீட்டர் போவதாகத் திட்டம் என்று நீ எழுதவில்லை.

உன் ஏமாற்றத்துக்கு வானம் பாதிக் காரணம், போட்டோ பாதிக் காரணம். ஓரியன் பஞ்சு செக்கச்செவேல் என்று தெரியும் என எதிர்பார்த்தாய். ஜவ்வாது மலை உச்சியில் நின்று பார்த்தாலும் அது சாம்பல் பஞ்சுதான். அவ்வளவு மங்கிய ஒளியில் நம் கண்ணுக்கு நிறம் பிடிபடாது. கேமரா நிமிஷக்கணக்கில், மணிக்கணக்கில் ஒளியைச் சேர்த்து வைத்துக் காட்டுகிறது. அதன் நடுவில் நீ பார்த்த நாலு சின்ன நட்சத்திரம்தான் அந்தப் பஞ்சு முழுவதையும் ஒளிர வைப்பவை. வீட்டுக்காரரையே பார்த்துவிட்டு வீட்டைக் காணோம் என்கிறாய்.

நகர மாடியில் செய்யத்தக்க வேலை ஏதாவது உண்டா என்பதுதான் அடுத்த கேள்வி. இங்கிலாந்தின் யார்க் நகரத்தில் ஜான் குட்ரிக் என்று ஒரு பையன் இருந்தான். சின்ன வயதிலேயே காது கேட்காமல் போனவன். 1782 நவம்பரில், பதினெட்டு வயதில், அல்கோல் என்கிற நட்சத்திரம் மங்கிப் பிறகு தேறுவதைக் கண்டான். ராத்திரி ராத்திரியாக வெறும் கண்ணால் பக்கத்து மீன்களோடு ஒப்பிட்டுக் குறித்து, இரண்டு நாள் இருபத்தொரு மணிக்கு ஒருமுறை அது மங்குகிறது என்று சொன்னான். ஒன்று இன்னொன்றை மறைப்பதாக இருக்கலாம் என்றும் ஊகித்தான். லண்டன் ராயல் சொசைட்டி 1783-ல் அவனுக்குக் கோப்லி பதக்கம் கொடுத்தது. இருபத்தொரு வயதில் இறந்துபோனான். அல்கோல் 2.1-லிருந்து 3.4 வரை இறங்கி ஏறுகிறது. உன் மாடியின் எல்லை 4. அதாவது அவன் கண்ட அத்தனையும் இன்றைக்கு மேடவாக்கத்திலிருந்து, ஒரு பைசா செலவில்லாமல், இந்த மாசியிலேயே முன்னிரவில் வடமேற்கே உயரத்தில் பார்க்கக் கிடைக்கிறது. அவன் காலத்து யார்க்கில் மின்விளக்கு ஏது என்று நீ கேட்பாய். சரி, ஜார்ஜ் ஆல்காக்கை எடுத்துக்கொள்வோம். பீட்டர்பரோ பக்கத்துப் பள்ளி ஆசிரியர். 1983 மே மாதம் வீட்டுக்குள் இருந்தபடி, மூடிய ஜன்னல் கண்ணாடி வழியாக, இருகண் நோக்கியால் ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். ஒரு செயற்கைக்கோளும் ஜப்பானியர் ஒருவரும் அதே பொருளைத் தனித்தனியே கண்டிருந்ததால் மூன்று பெயரும் சேர்த்தே அதற்கு வைத்தார்கள். செயற்கைக்கோளோடு பெயரைப் பகிர்ந்துகொள்ள அவருக்கு உதவியது, எந்த மீன் எங்கே இருக்க வேண்டும் என்று மனப்பாடமாகத் தெரிந்து வைத்திருந்தது.

இங்கேதான் நான் வழக்கமாகச் சொல்வதற்கு வருகிறேன், சலித்துக்கொள்ளாமல் படி. நம் குடும்பத்தில் எவரும் எதையும் எழுதி வைத்ததில்லை. உன் தாத்தாவுக்குத் தெரிந்த வானம் எவ்வளவு என்று உனக்கும் தெரியும். ஒரு துண்டுத் தாளில்கூட அது இல்லை. எல்லாம் வாயோடு போயிற்று. மாடி அறையில் துணி போர்த்திக் கிடக்கிற சாமான்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, உன் சித்தப்பா மனசு சங்கடப்படும். வாங்குவதில் நாம் கெட்டிக்காரர்கள். சென்னை வானாய்வகத்தில் போக்சனுக்குக் கீழே வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867-ல் ரெட்டிகுலம் மண்டலத்தில் ஒரு நட்சத்திரத்தின் ஒளி கூடிக் குறைவதைக் கண்டார். முன்பு பதிந்த குறிப்பு இருந்தால்தானே மாறியது என்று சொல்ல முடியும்? வங்காளத்தில் யசோர் என்ற ஊரில் ராதாகோபிந்த சந்திரா என்று ஒருவர். அரசாங்கக் கருவூலத்தில் ரூபாய் எண்ணுகிற உத்தியோகம். மூன்று அங்குலத் தொலைநோக்கி ஒன்றோடு உட்கார்ந்து, மாறும் நட்சத்திரங்களின் ஒளியை மதிப்பிட்டு, அவற்றுக்கென்றே இருந்த அமெரிக்கச் சங்கத்துக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். மொத்தம் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட குறிப்புகள். அவற்றில் ஆரம்ப காலக் குறிப்புகளைப் பார்த்துத்தான் அமெரிக்காக்காரர்கள் ஆறேகால் அங்குலக் கருவி ஒன்றை 1926-ல் கடனாக அனுப்பி வைத்தார்கள். அவருக்குப் பின் அது வானியலாளர் வேணு பாப்புவின் கைக்கு வந்தது. அவர் பெயரைத் தாங்கிய 2.3 மீட்டர் தொலைநோக்கி என் வீட்டிலிருந்து பஸ் தூரத்தில், காவலூரில் இருக்கிறது. வரிசையைக் கவனி: முதலில் நோட்டு, பிறகு கருவி. நீ தலைகீழாக ஆரம்பிக்கிறாய்.

நோட்டு இல்லாதவனுக்கு வானம் எதைக் காட்டினாலும் தெரியாது என்பதற்கு உன் காலத்திலேயே சாட்சி உண்டு. 2019 கடைசியிலிருந்து 2020 பிப்ரவரி வரை திருவாதிரை மங்கிக்கொண்டே போய் 1.6 அளவுக்கு இறங்கியது. வழக்கமான ஒளியில் பாதிகூட இல்லை. அது கக்கிய தூசு மேகம் குறுக்கே வந்ததே காரணம் என்று பின்னால் விளக்கினார்கள். உலகத்தில் எந்த நகரத்து மாடியிலிருந்தும் வெறும் கண்ணுக்குத் தெரிந்த மாற்றம் அது. சென்னையில் கோடிப் பேர் அதன் கீழே நடந்து போனார்கள். முந்தின வருஷம் அது ரோகிணியைவிட எவ்வளவு பிரகாசமாக இருந்தது என்று எழுதி வைத்தவர்களுக்கு மட்டும்தான் அது சம்பவம்; மற்றவர்களுக்குச் சும்மா ஒரு நட்சத்திரம். நீ கேட்டிருக்கிற கருவியால் இதைச் சரிசெய்ய முடியாது. நாற்பது பக்க நோட்டும் பென்சிலும் போதும்.

சரி மாமா, இன்னும் பத்து வருஷத்தில் அந்த ஐந்நூறும் போய்விடுமே என்பாய். அது வலுவான ஆட்சேபம்தான். பழைய சோடியம் விளக்கு பெரும்பாலும் ஆரஞ்சு நிறம், எல்.ஈ.டி. வெள்ளை விளக்கில் நீலம் கலந்திருக்கிறது, நீலம்தான் காற்றில் அதிகம் சிதறும். 2015-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் நாடு முழுக்க ஒரு கோடிக்கும் மேல் தெருவிளக்குகள் எல்.ஈ.டி.க்கு மாறிவிட்டன. மின்சாரம் மிச்சம், அதில் எனக்குக் குறையில்லை. தரையைப் பார்க்க வேண்டிய விளக்கு ஏன் மேலே பார்க்கிறது, கல்யாண மண்டபம் ஏன் மேகத்துக்கு டார்ச் அடிக்கிறது என்பதுதான் குறை. ஆனால் இந்த விஷயம் எப்படி நிரூபணமானது என்று பார். 2011 முதல் 2022 வரை உலகெங்கும் சாதாரண ஆட்கள் தம் வீட்டு வாசலில் நின்று, எவ்வளவு மங்கிய நட்சத்திரம் வரை தெரிகிறது என்று வரைபடத்தோடு ஒப்பிட்டு அனுப்பினார்கள். 51,351 குறிப்புகள். அவற்றைத் தொகுத்து 2023-ல் ஒரு ஆய்வு வெளியானது: வானத்தின் பின்வெளிச்சம் வருஷத்துக்கு ஏறத்தாழ 9.6 சதவீதம் கூடுகிறது. செயற்கைக்கோள் கணக்கில் அந்த வேகம் தெரியவில்லை. அவற்றின் உணர்கருவிக்கு நீல ஒளி சரியாகப் பிடிபடாது. மனிதக் கண்ணுக்குப் பிடிபட்டது, அதுவும் பெரும்பாலும் வெளிச்சம் மிகுந்த ஊர்களில் இருந்த கண்ணுக்கு. அந்த ஐம்பத்தோராயிரத்தில் பெரும்பங்கு ஐரோப்பாவும் வட அமெரிக்காவும். நம் ஊர்களிலிருந்து போனது சொற்பம். ஆக, நீ அன்று எண்ணிய கார்த்திகை நாலு, தேதியும் மணியும் போட்டு எழுதியிருந்தால், காவலூர்க் கண்ணாடியால்கூட மேடவாக்கத்தைப் பற்றிச் சொல்ல முடியாத ஒரு தகவல். கெட்ட வானத்தைப் பற்றி எழுத ஆள் இல்லாததால்தான் அது கேட்பாரில்லாமல் கெடுகிறது.

ஆலங்காயத்து இருட்டில் உட்கார்ந்துகொண்டு எனக்கு உபதேசமா என்று நீ கேட்க மாட்டாய், மரியாதை தெரிந்த பிள்ளை. கேட்டதாகவே வைத்துக்கொள்கிறேன். இங்கேயும் மேற்கே வாணியம்பாடிப் பக்கம் அடிவானம் வெளுத்துவிட்டது. இருட்டின் அருமையை நான் குறைக்கவில்லை; பால்வீதியை ஒருமுறையாவது கண்ணால் பார்க்க வேண்டும் என்ற ஆசை நியாயமானது, அதற்கு ஆராய்ச்சிக் காரணம் எதுவும் வேண்டியதில்லை. நான் எண்ணச் சொல்வது ராத்திரிகளை. வருஷத்துக்கு அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமை பன்னிரண்டு. ஆனி முதல் கார்த்திகை வரை இரண்டு மழைக்காலமும் பாதியைத் தின்றுவிடும். மிச்சம் ஆறு. அதிலும் மலையில் மேகம் இறங்கினால், ஆபீசில் வேலை வந்தால், மூன்றோ நாலோ. மாடியிலோ தை முதல் வைகாசி வரை நூற்றைம்பது ராத்திரி. பாதி மங்கலாகப் போனாலும் எழுபத்தைந்து. நிலா இருந்தாலும் கிரகத்துக்கும் இரட்டை நட்சத்திரத்துக்கும் குறைவில்லை. கடலோரத்தில் காற்று அசையாத, கொஞ்சம் மங்கலான ராத்திரிகளில்தான் வியாழனின் பட்டைகள் நடுங்காமல் நிற்கும். நட்சத்திரம் பளீரென்று சிமிட்டுகிற ராத்திரி கிரகத்துக்கு ஆகாது. அல்கோலும் வியாழன் நிலாக்களும் தினம் வந்து பார்ப்பவனுக்குத்தான் பிடிகொடுக்கும். உன் அட்சரேகையும் சாமானியமானதல்ல. தெற்கே அகத்தியர் நட்சத்திரம் இப்போது ஏறி நிற்கிறது. சித்திரையில் தெற்கு அடிவானத்துக்கு மேல் சிலுவை மண்டலமும், அதை அடுத்து ஆல்ஃபா சென்டாரியும் எழும். அந்த இரவல் தொலைநோக்கியிலேயே அது இரண்டாகப் பிரியும். லண்டன்காரன் ஊரைவிட்டு நகராமல் இவற்றில் ஒன்றையும் பார்க்க முடியாது. அருந்ததியையும் தேடு. பட்டப்பகலில் மாப்பிள்ளையும் பெண்ணும் கூரையைப் பார்த்துத் தலையாட்டுகிற அருந்ததி, பொலிவெண் சரியாக 4, உன் எல்லைக்கோட்டின் மேலேயே நிற்கிறாள். தெரிகிறாளா இல்லையா என்பதையே மாதாமாதம் எழுதலாம்.

அந்தப் பைக் விஷயத்தை இத்தனை பக்கம் தள்ளிப்போட்டேன். பகல் முழுக்க வேலை, ராத்திரி இருநூறு கிலோமீட்டர், விடியும் வரை அண்ணாந்து பார்த்தல், பிறகு தூக்கம் அழுத்துகிற அந்த நாலு மணி வேளையில் லாரிகளுக்கு நடுவே திரும்பி வருதல். எந்த விண்மீன் கூட்டத்துக்கும் இந்த விலை அதிகம். உன் அப்பாவுக்குப் பிறகு உன் அம்மா ராத்திரியில் போன் அடித்தால் எப்படி எழுந்து உட்காருகிறாள் என்று நீதான் பக்கத்தில் இருந்து பார்த்தவன். இதற்குமேல் எழுத எனக்குக் கை வரவில்லை.

நான் சொல்வது இவ்வளவுதான். ஒரு வருஷம் எதுவும் வாங்காதே. கொடுத்த சிநேகிதன் திருப்பிக் கேட்கும் வரை இரவல் தொலைநோக்கி இருக்கட்டும். போனைக் கீழேயே வைத்துவிட்டு ஏறு. கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிஷம் ஆகும், ஒருமுறை திரையைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து. டார்ச்சில் சிவப்புக் கண்ணாடி பேப்பர் கட்டிக்கொள். மாடி விளக்குக்குக் கீழ்நோக்கி ஒரு மூடி போடலாமா என்று குடியிருப்போர் சங்கத்தில் கேட்டுப் பார். செலவு அவர்களுக்கு மிச்சம் என்று சொல், அந்தப் பேச்சு எடுபடும். இல்லை, வாங்கியே தீருவேன் என்றால் வாங்கு. உன் பணம், உன் கண்.

ரொம்பப் பேசிவிட்டேனோ என்று இருக்கிறது. அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, பிள்ளை ஆசையாய் வானத்தைப் பார்க்கிறது, நீங்கள் வாத்தியார் வேலை பார்க்கிறீர்கள் என்று திட்டுகிறாள். உண்மையில், உன் வயசுப் பிள்ளைகள் எதையெல்லாமோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற நேரத்தில் நீ நாலு மணி நேரம் பனியில் அண்ணாந்து நின்றாயே, அதை நினைத்து இரண்டு நாளாக எனக்குத் தலைகால் புரியவில்லை. நீ எழுதிய அந்த நாலு வரியைப் போஸ்ட்மேனிடம்கூடப் படித்துக் காட்டினேன். அடுத்த தைக்குப் பிறகும் எட்டு அங்குலம் வேண்டும் என்று தோன்றினால் பாதிப் பணம் நான் தருகிறேன். வேண்டாம், முழுதாகவே தருகிறேன், தவணை மட்டும் வேண்டாம். நோட்டு ஒன்று இத்தோடு பார்சலில் வருகிறது. முதல் பக்கத்தில் தை அமாவாசைக்கு மறுநாள், மேடவாக்கம், கார்த்திகை நாலு, வியாழன் நிலா மூன்று என்று நானே எழுதிவிட்டேன். மணி மட்டும் நீ போட்டுக்கொள்.

பங்குனி அமாவாசைக்கு முந்தின வெள்ளிக்கிழமை ரயிலில் வா. உன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. வாணியம்பாடி ஸ்டேஷனில் எத்தனை மணிக்கு இறங்கினாலும் நான் நிற்பேன்.

அன்புடன்,
மாமா